'கூல்' என்று முதலில் சொன்னவர்கள்

'பீஸ் நீஸ்' (தேனீயின் முழங்கால்) என்ற ஆங்கிலப் பாராட்டுச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை விடுகிறார்கள். பீ ஜாக்சன் என்ற நடனக்காரியின் முழங்காலிலிருந்து வந்ததாம், 'பிசினஸ்' திரிந்து வந்ததாம். எதற்கும் உருப்படியான ஆதாரம் கிடையாது. தேனீயின் முழங்கால் என்றால் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அற்பமான சமாச்சாரம். 1920களில் அமெரிக்க இளசுகள் அதை அப்படியே புரட்டிப்போட்டு, 'இதை அடிச்சுக்க ஆளில்லை' என்ற பொருளில் பேசினார்கள். பூனையின் பைஜாமா, பாம்பின் இடுப்பு, விலாங்கு மீனின் கணுக்கால் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினார்கள். அதில் முக்கால்வாசி அந்தக் காலத்தோடு போய்விட்டது.

ஆனால் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர்கள் தங்களுக்குள் பாராட்டிக்கொண்ட சொற்கள் அப்படிப் போகவில்லை. 1938இல் இசைக்குழுத் தலைவர் கேப் கேலோவே அவற்றைத் திரட்டி ஒரு குட்டி அகராதியே போட்டார். அதில் 'சாலிட்' என்றால் அருமை. 'மர்டர்' என்றாலும் பிரமாதம்தான்! 'இன் த க்ரூவ்' என்றால் இம்மி பிசகாத வாசிப்பு. இசைத்தட்டின் பள்ளத்தை விட்டு விலகாமல் ஊசி ஓடுவதை வைத்து வந்தது என்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர், வாசிக்கத் தெரிந்த இன்னொருவரைப் பார்த்துச் சொன்னவை இவை. அதனால்தான் இந்த வலு.

'கூல்' கறுப்பின மக்களின் பேச்சில் முன்பே இருந்த சொல். அதைப் பரப்பியவர் என்று பெரும்பாலும் லெஸ்டர் யங்கைத்தான் சொல்கிறார்கள். கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான கோல்மன் ஹாக்கின்ஸ் போலக் கனத்த தொனியில் ஊதுவதுதான் அன்று மதிப்பு. யங்கோ சாக்ஸபோனைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லேசான தொனியில், அவசரமே படாமல் ஊதுவார். ஒரு தடவை கேட்டுப்பாருங்கள், இன்று நாம் 'கூல்' என்று எதைச் சொல்கிறோமோ அது அத்தனையும் அந்த ஊதலில் இருக்கிறது.

கேலோவே ஆடிப்பாடிய காட்டன் கிளப் என்ற இரவு விடுதி ஹார்லெமுக்குள்ளேயே இருந்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். பக்கத்துத் தெருக் கறுப்பினத்தவர் காசு கொடுத்தாலும் உள்ளே போய் உட்கார முடியாது. இது தெரிந்த பிறகும், முத்துமாலை போட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை ஒட்டி, பூனைப் பைஜாமாவோடு 'ஜாஸ் காலப் பேச்சு' முடிந்தது என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. கேலோவேயின் அகராதி இருக்கிறது. கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1942இல் வெளியிட்ட ஹார்லெம் சொற்பட்டியல் இருக்கிறது. இரண்டுமே சின்னவை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்துவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.