தெருவிளக்கு எந்தப் பக்கம்?

குற்றவியல் வழக்கறிஞராக இருந்து மர்மக்கதை எழுத வந்த ஓர் எழுத்தாளர் சொல்வது சரிதான்: கதையில் கடைசிப் பக்கத்திலாவது உண்மை தெரிந்தாக வேண்டும், நீதிமன்றத்திலோ உண்மை தெரியாமலேயே தீர்ப்பு வந்துவிடும். நான் பல வருஷம் நீதிமன்றச் சுருக்கெழுத்தராக இருந்தவன். குறுக்கு விசாரணை என்றாலே மேசையைத் தட்டிக் கத்துவதாகக் கதைகளில் எழுதிவிடுகிறார்கள். நான் பார்த்த ஒரு வழக்கறிஞர் குரலையே உயர்த்த மாட்டார். "தெருவிளக்கு அந்த ஆளுக்கு முன்னால் இருந்ததா, பின்னாலா?" அவ்வளவுதான் கேட்டார்; பின்னால் இருந்தால் முகம் நிழலில்தானே இருக்கும். அதுவரை கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்த சாட்சி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் விஷயம். முகத்தைப் பார்த்ததாகவே நம்பியிருந்தார்.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நேரில் பார்த்த சாட்சிதான் வழக்குக்கு உயிர் என்கிறார் அந்த எழுத்தாளர். அமெரிக்காவில் 1989 முதல் டிஎன்ஏ பரிசோதனையால் விடுதலையான நிரபராதிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வழக்கில், சாட்சிகள் ஆள் மாற்றி அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அப்படிக் கைகாட்டிய ஒருவர் பிறகு எப்படித் தூங்கினார் என்று ஒரு கதை எழுதுங்கள் ஐயா. கொலைகாரன் யார் என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.