கேமராவைக் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் வையுங்கள்

நேற்று ராத்திரி ஒரு மணி வரை ஒரு சண்டையைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்லூரி சியர்லீடிங் போட்டி ஒன்றை விளையாட்டுச் சேனலில் போட்டிருக்கிறார்கள், அதில் அரை நிமிடத்தை யாரோ வெட்டிப் பகிர்ந்திருக்கிறார், அவ்வளவுதான், கீழே பற்றிக்கொண்டது. "மேட்ச் போட வேண்டிய நேரத்தில் இந்த ஆட்டம் பாட்டமெல்லாம் எதற்கு, இது ஒரு விளையாட்டா?" என்று ஒரு பக்கம். "ஒரு தடவை ஒருத்தியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்திப் பார், அப்புறம் வந்து பேசு" என்று இன்னொரு பக்கம். நான் எந்தப் பக்கம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிளிப்பை நாலைந்து தடவை பார்த்த பிறகு எனக்குக் கோபம் வந்தது, திட்டினவர்கள் மேல் இல்லை, அதைப் படம்பிடித்தவர்கள் மேல். விஷயம் தெரியாத ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இது விளையாட்டே இல்லை என்று சொன்னால் அவரை எப்படிக் குறை சொல்வது? எதைப் பார்த்தால் அவருக்குப் புரியுமோ அதை ஒரு நொடிகூட அதில் காட்டவில்லை.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் ஐபிஎல் வந்தபோது பவுண்டரிக்கு வெளியே மேடை போட்டு ஆடினார்களே, நம் ஊரில் சியர்லீடர் என்றால் அந்த ஞாபகம்தான் வரும். என் மகள் இங்கே டாலஸ் பக்கத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியின் சியர் அணியில் சேர்ந்திருக்கிறாள் என்று சொன்னதும் சித்தப்பா போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "ஏம்மா, பாப்பா நல்லாப் படிக்கிற பிள்ளைதானே" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் பார்த்தது அதை மட்டும்தான். மைதானத்தின் ஓரமாக நின்று கூட்டத்தை உற்சாகப்படுத்துவதுதான் இங்கேயும் இதன் ஆரம்பம். 1898-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று எல்லோரையும் கோஷம் போடவைத்ததிலிருந்து கணக்கு வைக்கிறார்கள், ரொம்ப காலம் அது ஆண்களின் வேலையாகத்தான் இருந்தது. போட்டி சியர் அதிலிருந்து கிளைத்து வேறு ஒன்றாக வளர்ந்துவிட்டது. அங்கே உற்சாகப்படுத்துவதற்கு வேறு அணி கிடையாது. இவர்கள்தான் அணி, எதிரே நடுவர்கள், கையில் இரண்டரை நிமிடம். கல்லூரி அணிகளுக்கு டேடோனா பீச்சில் நடக்கும் தேசியப் போட்டியில் அதுவும் இல்லை, 2 நிமிடம் 15 வினாடிதான்.

என் மகள் பேஸ். அதாவது கீழே நின்று தூக்குகிறவள். மேலே போகிறவள் ஃப்ளையர், அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேஸ், பின்னால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பேக்ஸ்பாட் ஒருத்தி. பாஸ்கெட் டாஸ் என்றால் இரண்டு பேஸும் மணிக்கட்டோடு மணிக்கட்டைக் கோத்துச் சதுரமாகப் பிடித்து, அதன் மேல் ஃப்ளையர் ஏறி நிற்க, எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் முழங்காலை மடக்கி, ஒரே எண்ணிக்கையில் அவளை மேலே எறிய வேண்டும். எறிவதைவிடப் பிடிப்பதுதான் பெரிய வேலை. போன நவம்பரில் ஒரு நாள் பயிற்சி நடக்கும்போது சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ளையர் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக இறங்காமல் கொஞ்சம் முன்பக்கமாக இறங்கினாள். என் மகளும் எதிரே நின்றவளும் ஒரு வார்த்தை பேசாமல் அரை அடி முன்னால் நகர்ந்து கையை நீட்டினார்கள். அவள் முதுகு இவர்கள் முன்கையில் வந்து விழுந்த சத்தம் சுவரோரம் வரைக்கும் கேட்டது. பேக்ஸ்பாட் தலையையும் தோளையும் அணைத்துப் பிடித்துவிட்டாள். ஃப்ளையரை நிற்கவைத்தார்கள், தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள், "இன்னொரு தடவை" என்றார்கள். வீட்டுக்கு வந்து அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பைப் பிரித்தபோது முன்கை முழுக்கப் பட்டையாகச் சிவந்திருந்தது. வலிக்குதா என்று கேட்டேன். "அவ கீழ விழலைல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அந்த அரை அடி நகர்வு இருக்கிறதே, அதை ஒரு நாளும் டிவியில் பார்க்க முடிவதில்லை. நேற்றைய கிளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளையரை எறியும் நொடியில் கேமரா ஓரமாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் வேறொரு பெண்ணின் முகத்துக்குப் போகிறது. திரும்பி வரும்போது ஃப்ளையர் ஏற்கெனவே கையில் இருக்கிறாள். பிரமிட் எழும்பும்போது மேலே நிற்பவளை இடுப்புக்கு மேல் மட்டும் காட்டுகிறார்கள், அவள் எதன் மேல் நிற்கிறாள் என்றே தெரியவில்லை. நடுவில் பயிற்சியாளர் கையைப் பிசைகிறார், கூட்டத்தில் ஒரு அம்மா அழுகிறார். பந்து பந்துவீச்சாளர் கையை விட்டுக் கிளம்பின நொடியில் கேலரியில் கொடி ஆட்டுகிறவரைக் காட்டிவிட்டு, அது பவுண்டரி கயிற்றைத் தொட்ட பிறகு திரும்பி வந்தால் நாம் சும்மா இருப்போமா? அதைத்தான் இவர்கள் இரண்டு நிமிடமும் செய்கிறார்கள்.

போட்டி மேட் 54 அடிக்கு 42 அடி, ஒன்பது பட்டைகளைச் சேர்த்து விரித்தது. நடுவர்கள் நேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். யார் எந்தப் பட்டையில் நிற்பது, எத்தனையாவது எண்ணிக்கையில் எங்கே ஓடுவது என்று எல்லாமே அந்த எதிர்ப் பார்வைக்காகத்தான் அமைக்கப்படுகிறது. ஒரு ஓரத்தில் நாலு பேர் பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டுப் போகும்போதே இன்னொரு ஓரத்தில் அடுத்த ஸ்டண்டுக்கு, அதாவது ஒருத்தியைத் தூக்கி நிறுத்துவதற்கு, கை கோத்துத் தயாராகிவிட்டிருப்பார்கள், டம்ப்ளிங் போனவள் மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் அங்கே போய் பேஸாக நிற்க வேண்டும். முன்னால் நடுவில், கொஞ்சம் உயரத்தில், முழு மேட்டும் தெரிகிற மாதிரி ஒரு கேமராவை நட்டுவைத்து அதை அப்படியே விட்டுவிட்டால் இவ்வளவும் தெரியும். கிட்டத்தில் எடுத்த காட்சிகளை அப்புறம் ஸ்லோ மோஷனில் தாராளமாகப் போடட்டும், யார் வேண்டாம் என்றது?

இது நேற்று ஆரம்பித்த குறையும் இல்லை. 1978-ல் கல்லூரி சியர் போட்டி முதன்முதலாக சிபிஎஸ்ஸில் வந்தது, எண்பதுகளிலிருந்து இஎஸ்பிஎன் காட்டி வருகிறது. பெரும்பாலும் நேரலை கிடையாது, ஆர்லாண்டோவில் குளிர்காலத்தில் நடக்கும் இன்னொரு கல்லூரிப் போட்டியை, அது முடிந்த பிறகு சுருக்கி ஒரு நாள் போடுவார்கள், ஜெயித்தது யார் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வர்ணனையில் "என்ன ஒரு எனர்ஜி", "அந்தச் சிரிப்பைப் பாருங்கள்" என்பதைத் தாண்டி வருவது குறைவு. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கடினத்துக்கு இவ்வளவு, செய்த விதத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் பிரிந்து திரையிலேயே வந்துவிடுகிறது, அதனால்தான் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறவரும் மூன்றாவது நாளில் நிபுணர் மாதிரிப் பேச முடிகிறது. சியரில் அணிகள் "ஹிட் ஸீரோ" என்று கத்திக் குதிக்கும், தவறுக்காக ஒரு மதிப்பெண்கூடக் கழிக்கப்படாமல் முடித்தோம் என்று அர்த்தம். அதைக்கூட விளக்காமல் கடந்துபோன ஒளிபரப்புகளை நான் பார்த்திருக்கிறேன். விதி தெரியாத ஒருவருக்கு எல்லா அணியும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர் சிரிப்பைப் பார்ப்பார், உடையைப் பார்ப்பார், சேனலை மாற்றுவார்.

2020 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் 'சியர்' தொடர் வந்தபோது நிலைமை எவ்வளவு மாறியது என்று நினைத்துப் பாருங்கள். டெக்சாஸில் கோர்சிகானா என்ற சின்ன ஊர், நவாரோ என்ற கம்யூனிட்டி காலேஜ், பயிற்சியாளர் மோனிகா ஆல்டாமா. பயிற்சியைப் பொறுமையாகக் காட்டினார்கள், விழுவதைக் காட்டினார்கள், ஐஸ் வைத்துக்கொண்டு மறுபடி எழுந்து வருவதைக் காட்டினார்கள், மேட்டில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் எப்படித் தவிக்கிறார்கள் என்று காட்டினார்கள். என் அலுவலகத்தில் அதுவரை இதைக் கேலி செய்தவர்களே திங்கட்கிழமை வந்து என்னிடம் சந்தேகம் கேட்டார்கள். இத்தனைக்கும் டேடோனாவில் போட்டியை எடுக்க அந்தத் தொடர்க் குழுவின் கேமராக்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. காரணம், ஒளிபரப்பு உரிமை போட்டியை நடத்துகிறவர்கள் கையில் இருக்கிறது. இந்தத் துறையில் பெரிய போட்டிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது, சீருடை விற்பது, பயிற்சி முகாம் நடத்துவது, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு இணையத்தில் காட்டுவது என்று எல்லாம் வார்சிட்டி என்ற ஒரே குழுமத்தைச் சுற்றித்தான். போட்டி நிறுவனங்களை ஒழித்துச் சந்தையைக் கையில் வைத்திருக்கிறது என்று போடப்பட்ட வழக்குகளில் 2023-ல் 4.35 கோடி டாலருக்கும் 2024-ல் 8.25 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டார்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், வெளியாள் ஒருவர் வந்து வேறு கோணத்தில் கேமரா வைத்துக் காட்ட வழி எங்கே?

சரி, சண்டைக்கு வருகிறேன். இதில் இரண்டு பக்கமும் தவறாகச் சொல்லும் விஷயங்கள் சில இருக்கின்றன, எங்கள் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "கோர்ட்டே இது விளையாட்டு இல்லை என்று சொல்லிவிட்டது" என்று எடுத்துப் போடுகிறார்கள். அது கனெக்டிகட்டின் குவின்னிபியாக் பல்கலைக்கழக வழக்கு. பெண்கள் வாலிபால் அணியை நிறுத்திவிட்டு, சியரைக் கணக்கில் காட்டிப் பெண்களுக்குச் சம வாய்ப்பு கொடுத்துவிட்டதாகச் சொன்னது பல்கலைக்கழகம். வாலிபால் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் நீதிபதி ஸ்டீஃபன் அண்டர்ஹில், கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு கேட்கும் 1972-ன் டைட்டில் ஒன்பது சட்டப்படி இதைக் கணக்கில் சேர்க்க முடியாது, இன்னும் போதுமான அளவு வளர்ந்து ஒழுங்குக்கு வரவில்லை, வருங்காலத்தில் தகுதி பெறலாம் என்றார். 2012-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அந்த வாலிபால் பெண்களுக்கு நியாயம் கிடைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்னது "இன்னும் இல்லை" என்பதை. "எப்போதும் இல்லை" என்று சொல்லவில்லை. அதேபோல எங்கள் ஆட்கள் "ஒலிம்பிக்கில் சேர்த்தாச்சு" என்று எழுதுகிறார்கள். சேர்க்கவில்லை. 2021 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சியர் சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது, போட்டிப் பட்டியலில் சேர்ப்பது வேறு விஷயம். தெரியாமல் எழுதி நாமே மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பேரைப் பற்றி இவ்வளவு சண்டை எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்தக் காயக் கணக்கில் சியர் மற்ற பெண்கள் விளையாட்டுகளைவிடக் குறைவுதான். ஆனால் தலை, கழுத்து, முதுகுத்தண்டு என்று வாழ்க்கையையே புரட்டிப்போடும் காயங்களை மட்டும் எடுத்தால், 1982 முதல் 2009 வரை பள்ளிப் பெண்களுக்கு நேர்ந்தவற்றில் 65 சதவீதம் சியரில் நேர்ந்தவை. அதனால் இதை விளையாட்டு என்று அறிவியுங்கள், அப்போதுதான் பயிற்சி பெற்ற கோச், காயத்தைப் பார்க்க ஆள், சரியான மேட், பயிற்சி நேரத்துக்கு வரம்பு எல்லாம் கட்டாயமாகும் என்று கேட்டார்கள். ஒரு பேஸின் அம்மாவாக எனக்கு அந்த ஒரு வரி போதும்.

2006 மார்ச்சில் செயின்ட் லூயிஸில் கூடைப்பந்துப் போட்டி நடுவே நடந்ததை இங்கே பலர் மறக்கவில்லை. தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சியர்லீடர் ஒருத்தி பிரமிட்டின் உச்சியிலிருந்து சுமார் 15 அடி கீழே விழுந்தாள், கழுத்து எலும்பில் விரிசல். ஸ்ட்ரெச்சரில் கட்டி எடுத்துப் போகும்போது பேண்டில் அவர்கள் பாட்டு கேட்டதும் படுத்தபடியே கையை அசைத்து ஆடினாள். அந்தக் காட்சியை டிவி எத்தனை தடவை போட்டது! அவள் மன உறுதியைப் பற்றி நாடே பேசியது. மேட் இல்லாத தளத்தில் அவளை அவ்வளவு உயரம் ஏற்றியது ஏன் என்ற கேள்விக்கு அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் கொடுத்திருப்பார்களா? அதற்குப் பிறகு கூடைப்பந்துத் தளத்தில் மேட் இல்லாமல் பாஸ்கெட் டாஸ் போடுவதற்கெல்லாம் தடை வந்தது, நல்லதுதான். ஆனால் விழுவதையும் அழுவதையும் சிரிப்பதையும் காட்டுவது, நடுவில் இருக்கும் வேலையை விட்டுவிடுவது என்ற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"தூக்கிப் பார், அப்புறம் பேசு" என்று பதில் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதைப் படித்து மனம் மாறின ஒரு ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. நேற்று நான் அந்தச் சண்டையில் ஒரே ஒரு பதில்தான் போட்டேன். மகளின் பயிற்சியில் கேலரியின் மேல் வரிசையிலிருந்து அசையாமல் எடுத்த வீடியோ, முகம் யாருக்கும் தெரியாது, மற்ற பெற்றோரிடமும் கேட்டுத்தான் போட்டேன், சத்தமும் வெறும் எண்ணிக்கைதான். காலையில் பார்த்தால், மேட்ச் போடு என்று கத்தினவர்களில் ஒருவர், "40-வது வினாடியில் பின்னால் நிற்கும் பெண் என்ன செய்கிறாள்?" என்று கேட்டிருக்கிறார். பேக்ஸ்பாட் வேலையைப் பற்றி நாலு பத்தி எழுதிவிட்டு வந்தேன். அவர் அடுத்து பேஸைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பான யூஐஎல் 2016-லிருந்து நடத்தும் மாநில சியர் போட்டி வரும் ஜனவரியிலும் இருக்கிறது. எங்கள் அணி அதற்குப் போகும். நான் நடு வரிசையில், எவ்வளவு மேலே இடம் கிடைக்கிறதோ அவ்வளவு மேலே, ட்ரைபாடோடு உட்காரப் போகிறேன். அரங்கில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டுதான். இந்தப் பக்கத்து அம்மா அப்பாக்கள் யாருக்காவது அவர்கள் பிள்ளையின் முழு ஆட்டமும் வெட்டில்லாமல் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், குறித்துவைத்துக்கொள்கிறேன்.