தத்துவத்தை தேல்ஸிலிருந்து தொடங்காதீர்கள்

மேலைத் தத்துவ வரலாற்றை எங்கிருந்து படிக்கலாம் என்று இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் கிரேக்கத் தத்துவவாதி என்று சொல்லப்படும் தேல்ஸிலிருந்து வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். எல்லாம் நீர் என்றார் தேல்ஸ், காற்று என்றார் அனாக்சிமெனிஸ், நெருப்பு என்றார் ஹெராக்ளிடஸ். நாற்பது பக்கத்துக்குள் புத்தகத்தை மூடிவிட்டேன். பதில்கள் வரிசையாக இருந்தன. எந்தக் கேள்விக்கு என்றுதான் புரியவில்லை.

என்னை உள்ளே இழுத்தது ஒரு கடிதம். 1643 மே மாதம், ஹேக் நகரத்திலிருந்து எலிசபெத் என்ற 24 வயதுப் பெண் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டுக்கு எழுதியது. பொஹீமிய அரச குடும்பத்துப் பெண். அப்பா அரியணையை இழந்ததால் குடும்பமே அங்கே அடைக்கலம் புகுந்திருந்தது. மனம் வேறு, உடம்பு வேறு. உடம்பு இடத்தை அடைக்கும், சிந்திக்கிற மனத்துக்கு நீள அகலமே கிடையாது என்பது டெகார்ட்டின் கட்சி. சரி, அப்படியானால் அந்த மனம் உடம்பை எப்படி அசைக்கிறது என்று கேட்டார் எலிசபெத். ஒன்றைத் தள்ள வேண்டுமென்றால் தொட வேண்டுமே!

இதைப் படித்துவிட்டு என் கையைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க நினைத்தேன், எழுந்தது. நடுவில் என்ன நடந்தது?

கல்லை அதன் எடை கீழே இழுக்கிறது என்கிறோமே, அங்கே எதுவும் எதையும் தொடுவதாக நினைப்பதில்லையே என்றார் டெகார்ட். எலிசபெத் விடவில்லை. உடலற்ற ஒன்று உடலை அசைக்கும் என்பதைவிட, மனத்துக்கும் நீள அகலம் உண்டு என்று ஒப்புக்கொள்வது தனக்கு எளிது என்று ஜூனில் மறுபடி எழுதினார். இதையெல்லாம் அதிகம் யோசிக்க வேண்டாம் என்கிற மாதிரி பதில் வந்தது. என்னைக் கேட்டால், அந்த இடத்தில் ஜெயித்தவர் எலிசபெத்.

அப்புறம் டெகார்ட்டுக்கு அடுத்த தலைமுறைத் தத்துவவாதி ஸ்பினோசாவை எடுத்தேன். மனமும் உடம்பும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள் என்று அவர் ஏன் சொல்ல வேண்டியிருந்தது என்பது தானாகவே விளங்கியது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கடவுள் முன்பே அமைத்துவிட்டார் என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் சொன்னதும் அதே முடிச்சை அவிழ்க்கத்தான். கிரேக்கத்துக்கும் இதே வழியில் போகலாம். கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு ஏதென்ஸ் ஏன் மரண தண்டனை விதித்தது என்பதை முதலில் படியுங்கள், பிறகு பிளேட்டோ. தேல்ஸ் காத்திருப்பார்.

டெகார்ட் 1650இல் இறந்ததும் அவர் கடிதங்களை அச்சிட்டார்கள். தன்னுடையவற்றை வெளியிட எலிசபெத் சம்மதிக்கவில்லை. அவை அச்சில் வந்தது 1879இல். இருநூறு வருடத்துக்கு மேலாக வாசகர் கையில் இருந்தவை டெகார்ட்டின் பதில்கள் மட்டும்தான்.