ஸ்பீக்கரை மாற்றும் முன் அறையைக் கவனியுங்கள்

பாட்டு கேட்பதற்காகத் தாராளமாகச் செலவழிக்கும் நண்பர்கள் பலரிடம் காணும் ஒரு பழக்கம் எனக்கு உடன்பாடில்லாதது. ஆம்ப்ளிஃபையரை மாற்றுகிறார்கள், ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள், ஒரு மீட்டர் கேபிளுக்குக்கூட ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். அவை அத்தனையும் ஒலிக்கின்ற அறையை மட்டும் தொடுவதே இல்லை. ஸ்டீரியோவின் தரத்தில் பெரும்பங்கு அறையின் கையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நம் வீடுகளின் பூசிய செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மட்டுமே உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. 10க்கு 12 அடி அளவும் 10 அடி உயரமும் கொண்ட வெற்று அறையில் ஒலி 60 டெசிபல் தணிவதற்கு, அதாவது ஏறக்குறைய முழுதும் அடங்குவதற்கு, 2 விநாடிக்கு மேல் ஆகும் என்று, அந்த நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரம் சொல்கிறது. பாட்டு கேட்கும் அறைக்கு அரை விநாடிக்குள் அடங்குவதே நல்லது. அந்தச் சூத்திரமும் ஒரு மோசமான அறையிலிருந்து பிறந்ததுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை மண்டபத்தில் பேசுபவரின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து புரியாமல் போனதால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு 1895இல் வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார்.

மெத்தை என்ற அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் எதிரொலியைக் குறைக்க என்று இன்று கடைகளில் விற்பது மெத்தை அன்று. ஓர் அங்குலத் தடிமனுள்ள கூம்பு வடிவ ஃபோம் மேல் ஸ்தாயி ஒலிகளை மட்டுமே உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அதன் எதிரே ஓர் அங்குலம் எம்மாத்திரம்? நான்கு சுவரிலும் இதை ஒட்டியவர்களின் அறையில் ஜால்ராவும் வயலினும் உயிரிழந்து போக, பேஸ் எனப்படும் கீழ் ஸ்தாயி ஒலி மட்டும் பழையபடி உறுமிக்கொண்டிருக்கும். சுவரில் முட்டை அட்டையை ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பக்கத்து வீட்டுச் சத்தத்தையும் இவை தடுக்கா. அது வேறு வேலை. மலிவான ஃபோம் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

தடிமன்தான் முக்கியம். தொழிற்சாலைகளுக்கான இன்சுலேஷன் பொருள்களை விற்கும் கடைகளில் 48 டென்சிட்டி (கன மீட்டருக்கு 48 கிலோ) ராக்வூல் என்னும் கல் இழைப் பஞ்சு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் ஸ்லாப் இரண்டை அடுக்கி, தச்சரிடம் மரச்சட்டம் அடித்து, காடாத் துணியால் முழுவதும் மூட வேண்டும். ராக்வூலின் இழை தோலில் பட்டால் அரிக்கும். துணியில் வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும், போகாத துணி பயன்படாது. சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு அங்குலம் தள்ளி நிறுத்தினால் இன்னும் கீழான ஒலிகளையும் பிடிக்கும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்கள் சட்டத்துக்குக் கால் பொருத்தி நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது என்பதற்கு எளிய வழி உண்டு. நீங்கள் கேட்கும் இடத்தில் அமர்ந்துகொள்ள, இன்னொருவர் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடங்களே முதல் எதிரொலிப்பு உங்களை வந்தடையும் இடங்கள். பாடகரின் குரலை நடுவில் நிற்கவிடாமல் கலைப்பவை இவையே. அடுத்து மூலைகள், இயன்ற அளவு தடிமனாக.

பேஸில் மட்டும் இந்த ராக்வூல் சட்டங்களால் ஓரளவுக்குத்தான் முடியும். மேற்சொன்ன அறையில் 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸிலும், ஒரே அளவான அகலமும் உயரமும் சேர்ந்து 56 ஹெர்ட்ஸிலும் அதிர்வைக் கிளப்பும். எண்பதுகளின் திரையிசையில் பேஸ் கிட்டாரைக் கவனித்துக் கேட்பவருக்கு ஒரு ஸ்வரம் முழங்கி அடுத்தது காணாமல் போவது இதனால்தான். அறையின் நட்டநடுவில் அமர்ந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய கேட்கவே கேட்காது, பின்சுவரோடு ஒட்டி அமர்ந்தால் மிகையாகக் கேட்கும். ஆகவே பணம் செலவழிக்கும் முன் நாற்காலியை ஓரிரு அடி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் இருந்தால் எந்த ஒலி மிகுந்தும் எது குறைந்தும் கேட்கிறது என்ற மேடுபள்ளங்களைத் திரையிலேயே காணலாம். ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் மேட்டைக் குறைக்க முடியும். பள்ளத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் ஆம்ப்ளிஃபையர்தான் சூடாகும்.