கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான்: தலைமறைவும் மறைசாட்சியும்

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயரான புனித சிப்பிரியானைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர், கி.பி. 250-இல் அவர் தலைமறைவானதைச் சங்கடத்தோடு விரைந்து கடந்து, 258-இல் வாளுக்குத் தலைகொடுத்ததால் அந்தக் களங்கம் நீங்கியது என்று முடித்துவிடுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. அவர் விலகிச் சென்றதும் உயிர் துறந்ததும் ஒரே பொறுப்புணர்விலிருந்து பிறந்தவை என்றே நம்புகிறேன்.

உரோமைப் பேரரசர் தேசியுஸ், மக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். உரோமை ஆயர் பபியான் 250 ஜனவரியில் உயிரிழந்தார். கார்த்தேஜிலோ சிப்பிரியானைச் சிங்கத்துக்கு இரையாக்கச் சொல்லிக் கூட்டம் கூச்சலிட்டது. திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த, ஆயராகி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த அவர் நகரைவிட்டு அகன்றார். உரோமைக் குருக்கள் இதைக் குத்திக்காட்டியபோது, தம் உயிரைவிடச் சகோதரர்களின் அமைதியை எண்ணியே விலகியதாக விளக்கி, மறைவிடத்திலிருந்து எழுதிய 13 கடிதங்களையும் சான்றாக அனுப்பினார். கைம்பெண்களையும் நோயாளிகளையும் ஏழைகளையும் கவனிக்கத் தம் சொந்தப் பணத்தையும் ஒதுக்கினார். கடமையைக் கைவிட்டு ஓடியவர் இவற்றையெல்லாம் செய்திருப்பாரா?

251-இல் திரும்பி வந்தபோது அவருக்கு முன்னால் சிதறிய சபை நின்றது. கைதாவதற்கு முன்பே பலர் தாமாகப் பொதுமன்றத்துக்கு விரைந்து பலியிட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களும் உண்டு என அவரே வேதனையோடு எழுதுகிறார். இன்னும் சிலர் பலியிடாமல் சான்றிதழை மட்டும் பெற்றிருந்தார்கள். சிறையில் துன்புற்ற விசுவாசிகளோ, ‘இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று எண்ணிக்கை கூடச் சொல்லாமல் பரிந்துரைக் கடிதங்களை வழங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் உடனே சேர்க்க வேண்டும் என்றது கார்த்தேஜில் சிப்பிரியானை எதிர்த்த பெலிசிசிமுஸின் தரப்பு. ஒருவரையும் சேர்க்கலாகாது என்றது உரோமையில் குரு நொவாசியனின் தரப்பு. சிப்பிரியான் ஆயர் மன்றத்தைக் கூட்டி, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய வைத்தார். சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள் தவத்துக்குப் பின் ஏற்கப்படலாம்; பலியிட்டவர்களின் தவம் நீண்டது. ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் துன்புறுத்தல் நெருங்குவதாகத் தெரிந்தபோது, மனம் வருந்தி நின்ற அனைவருக்கும் சமாதானம் அளிக்க அவரும் உடன் ஆயர்களும் முடிவெடுத்தார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தை அவர்களுக்கு மறுத்துவிட்டு, அவருக்காக இரத்தம் சிந்தும்படி எப்படிக் கேட்பது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவருடைய வாழ்வில் நான் மிகவும் போற்றுவது இந்த முடிவைத்தான். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த ஒருவர், மக்களின் நிலை மாறியபோது தாமே முன்னின்று தீர்ப்பைத் தளர்த்துவது எளிய செயலன்று.

கொள்ளைநோய் பரவிய காலத்தில், விசுவாசிகளுக்கு மட்டுமல்லாமல் பகைத்தவர்களுக்கும் உதவும்படி அவர் மக்களைத் தூண்டினார். அண்டைப் பகுதியான நுமிதியாவில் கடத்தப்பட்டவர்களை மீட்க 1,00,000 செஸ்டெர்ஸ் (உரோமை நாணயம்) திரட்டி அனுப்பினார்.

257-இல் பேரரசர் வலேரியனின் ஆட்சியில் ஆளுநர் பாத்தெர்னுஸ் அவரிடம் குருக்களின் பெயர்களைக் கேட்டார். காட்டிக்கொடுப்பதை உங்கள் சட்டமே தடைசெய்கிறது என்று சிப்பிரியான் மறுத்துவிட்டார். குருபிஸ் என்ற ஊருக்கு நாடுகடத்தப்பட்டு மறு ஆண்டு திரும்பியவர், புதிய ஆளுநர் தங்கியிருந்த ஊத்திக்கா நகருக்குத் தம்மை இழுத்துச்செல்ல ஆட்கள் வருவதாகத் தெரிந்ததும் மீண்டும் மறைந்துகொண்டார். ஆயர் தம் சொந்த நகரில், தம் மக்கள் முன்னிலையில்தான் சாட்சி பகர வேண்டும் என்று கடைசிக் கடிதத்தில் காரணம் எழுதினார். அந்த ஆளுநர் கார்த்தேஜ் வந்ததும் தம் தோட்டத்துக்குத் திரும்பி, அங்கே கைதானார். முதல் மறைவுக்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது. 258 செப்டம்பர் 14 அன்று மரண தண்டனை வாசிக்கப்பட்டபோது ‘இறைவனுக்கு நன்றி’ என்றார். தம் தலையை வெட்டவிருந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார்.

பிரிவினையாளர் அளித்த திருமுழுக்கு செல்லாது என்று உரோமை ஆயர் ஸ்தேவானோடு அவர் வாதிட்டதைத் திருச்சபை பின்னர் ஏற்கவில்லை. பிற்காலத்தில், வட ஆப்பிரிக்காவில் திருச்சபையைவிட்டுப் பிரிந்த தொனாத்து பிரிவினர் அந்த வாதத்தை வைத்தே அவரைத் தம்மவர் என்றார்கள். அதற்கு ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் அளித்த பதில் எனக்கு நியாயமாகவே படுகிறது: மாற்றுக் கருத்துடைய ஆயர்களோடு சிப்பிரியான் உறவை முறித்துக்கொள்ளவில்லை, 256-இல் 87 ஆயர்களின் கருத்துகளைக் கேட்கத் தொடங்கும்போதே, மாறுபடும் எவரையும் விலக்கப்போவதில்லை என்று அறிவித்திருந்தார்.