ஆங்கில ப்ராஜெக்ட்: ஃபைலைப் பார்த்து மார்க் போடுவதை நிறுத்துவோம்

சி.பி.எஸ்.இ. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ஆங்கிலத்தில் இன்டர்னல் 20 மார்க். கேட்டலுக்கு 5, பேச்சுக்கு 5, ப்ராஜெக்டுக்கு 10. அந்தப் பத்தைப் பல பள்ளிகள் ஸ்பைரல் பைண்டிங்குக்கும் கலர் பிரிண்ட்டுக்கும் கொடுத்துவிடுகின்றன. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேட்பது ஒரே கேள்வி: "உன் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்." பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும். பத்துக்கு ஒன்பது.

இதனாலேயே ப்ராஜெக்டை எடுத்துவிட்டுப் பழையபடி ஏதாவது தலைப்பு கொடுத்துப் பேசச் சொல்லலாம் என்கிறார்கள் சில ஆசிரியர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "நான் விரும்பும் தலைவர்" என்று திடீரென்று கேட்டால், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை மட்டும்தான் பேசும். மற்றவர்களுக்கு மொழியும் வராது, சொல்ல விஷயமும் இருக்காது. ப்ராஜெக்ட் விஷயத்தைக் கொடுத்துவிடுகிறது. தானே போய்ப் பார்த்து, கேட்டு, எழுதிய ஒன்றைப் பற்றிப் பேச ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதாவது இருக்கும். அதை வெளியே கொண்டுவரும் விதத்தில் நாம் தேர்வு நடத்துவதில்லை, அதுதான் கோளாறு.

முதல் கோளாறு தலைப்பிலேயே தொடங்குகிறது. பிளாஸ்டிக் மாசு, சமூக ஊடகத்தின் தாக்கம், பெண்கல்வி என்று கொடுத்தால் நாற்பது ஃபைலும் ஒரே இணையப் பக்கத்திலிருந்து வரும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். அதற்குப் பதில் நேர்காணலை அடிப்படையாக வையுங்கள். வாரியமே பரிந்துரைக்கும் வகைதான் அது. பேருந்து நிலையத்தில் இளநீர் விற்பவர், பள்ளி வேன் ஓட்டுநர், தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் கணக்கு வைத்திருக்கும் அக்கா. நேர்காணல் தமிழில் நடக்கும், அறிக்கை ஆங்கிலத்தில் வரும். "லோடு இறங்கின அன்னிக்கே விக்கலேன்னா நஷ்டம்" என்று இளநீர்க்காரர் சொன்னதைப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். இந்த உழைப்புக்கு இணையான மொழிப்பயிற்சி பாடப்புத்தகத்தில் கிடைக்காது.

பிள்ளை தரும் ப்ராஜெக்ட் ஃபைலில் செயல்திட்டம், 800 முதல் 1000 வார்த்தைக்கு ஓர் அறிக்கை, மாணவரின் சொந்தச் சிந்தனைகள் எல்லாம் வேண்டும் என்று வாரியம் கேட்கிறது. நடைமுறையில் செயல்திட்டம்கூடக் கடைசி இரவில்தான் எழுதப்படுகிறது. ஆகவே மூன்று தேதி வையுங்கள். முதல் தேதியில் நேர்காணலுக்கான கேள்விப் பட்டியல். இரண்டாவதில் கையால் எழுதிய நேர்காணல் குறிப்பு, கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவதில் அறிக்கை. குறிப்பில் ஆசிரியர் தேதியோடு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து ஃபைல் வாங்கும் பழக்கம் பெருமளவு நின்றுவிடும்.

இனி வைவா. ஆளுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். உட்கார்ந்து ஆசுவாசப்பட அரை நிமிடம், பிள்ளை தானாகச் சொல்ல ஒரு நிமிடம், கேள்விகளுக்கு மூன்று, மார்க் எழுத அரை. நாற்பது பேருக்கு 200 நிமிடம், அதாவது நாற்பது நிமிடப் பீரியட் ஐந்து. மனப்பாடத்துக்கு அந்த ஒரு நிமிடம் போதும். அதைத் தடுக்க வேண்டாம், அதில்தான் பயம் தெளிகிறது. ஆனால் மார்க் அந்த மூன்று நிமிடத்துக்குத்தான். ஃபைலுக்கென்று ஒதுக்கிய மார்க்கையும் அதில் கேட்டு உறுதிசெய்த பிறகே போட வேண்டும்.

கேள்விகள் அந்தந்த ஃபைலிலிருந்தே வர வேண்டும். ஒரு ஃபைலைப் படிக்க ஐந்து நிமிடம், மூன்று நான்கு கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதி உள்ளே செருகி வையுங்கள். "அவர் சொன்னதில் நீங்கள் எதிர்பார்க்காதது எது?" என்றால் இறந்தகாலத்தில் ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். "எதை அறிக்கையில் சேர்க்காமல் விட்டீர்கள், ஏன்?" என்ற கேள்விக்கு ஃபைலில் பதிலே இருக்காது, அதனால் ஒப்பிக்க முடியாது. "மறுபடி சந்தித்தால் என்ன கேட்பீர்கள்?" என்றால் வாக்கிய அமைப்பே மாற வேண்டும். "ஆறாம் பக்கத்து முடிவை நான் ஏற்கவில்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், நன்றாகப் பேசும் பிள்ளையின் உண்மையான அளவு அங்கே தெரியும். இன்னொரு லாபம்: முதலில் வெளியே வந்தவன் வாசலில் கேள்வியைச் சொல்லிவிட்டாலும் அடுத்தவனுக்கு உதவாது.

கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருங்கள். நம்மில் பலர் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை. பிள்ளை வாக்கியத்தை மனசுக்குள் கோர்க்கும்போதே அடுத்த கேள்வி விழுகிறது, அது உறைந்துவிடுகிறது. பதில் வராவிட்டால் அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பிறகு எளிய சொற்களில். அதற்கும் வராவிட்டால் இதுவா அதுவா என்று இரண்டைக் கொடுங்கள். அந்தக் கடைசிப் படிக்கு இறங்கினால் மட்டும் உரையாடும் திறனுக்கான மதிப்பீட்டில் ஒரு நிலை குறையட்டும். நடுவில் இலக்கணம் திருத்தவே கூடாது. உச்சரிப்பில் பார்க்க வேண்டியது புரிகிறதா என்பதை மட்டும். தமிழ் வாடை அடிக்கிறது என்று மார்க் குறைப்பது அநியாயம்.

குழுவாகச் செய்தால் நால்வரில் ஒருவரே பேசிவிட்டுப் போவதைப் பார்க்கிறோம். ஒருவர் செய்த பகுதியை இன்னொருவரிடம் கேளுங்கள், போதும்.

பேச்சுக்கான 5 மார்க்கையும் இதே வைவாவை வைத்துப் போட்டுவிடுவது இன்னொரு தவறு. தயாரித்த விஷயத்தைப் பேசுவது வேறு திறன், எதிர்பாராததைப் பேசுவது வேறு திறன். ஒரே தடுமாற்றத்துக்கு இரண்டு இடத்தில் தண்டனை விழக்கூடாது.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வின் ஆங்கிலத்தில் மாணவர் தானே தேர்ந்த தலைப்பில் பேசி, கேள்விகளுக்கும் பதில் சொல்கிறார். அதிகபட்சம் பத்து நிமிடம். ஆனால் 2017 தேர்வு முதல் அது தனிச் சான்றாக நிற்கிறது, 9 முதல் 1 வரையிலான கிரேடில் சேராது. நம்மிடம் அது மொத்த மார்க்கிலேயே சேர்கிறது. அதனால் நாம் இன்னும் கவனமாக நடத்த வேண்டும். இஸ்ரேலின் பள்ளியிறுதித் தேர்வான பக்ருத்தின் ஆங்கில வாய்மொழித் தேர்வில் ப்ராஜெக்ட் பற்றிய கேள்வியைக் கணினி கேட்கிறது, பதிலும் பதிவாகிறது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது நல்லதுதான். ஆனால் பிள்ளை சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு "அப்படியா, ஏன்?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நம்மிடம் ஆசிரியர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அதை வீணாக்குகிறோமே என்பதுதான் ஆதங்கம்.

முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்புக்கு அந்த ஐந்து பீரியடையும், ஃபைல் படிக்க ஆசிரியருக்கு இன்னோர் ஐந்து பீரியடையும் டைம்டேபிளிலேயே ஒதுக்குங்கள். கேள்வி கேட்க அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆங்கில ஆசிரியர் ஒருவரையும் உடன் அமர்த்துங்கள்.