கெட்ட செய்தி மேலே வர எத்தனை நாள் ஆகிறது?

ஒரு டீம் நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேலை நிலவரத்தைத் திரையில் காட்டும் டாஷ்போர்டை நான் பார்ப்பதில்லை. அங்கே ஒரு கெட்ட செய்தி கீழே இருந்து மேலே வர எத்தனை நாள் ஆகிறது என்றுதான் பார்ப்பேன். காலையில் ஒருவர் கண்ணில் பட்ட சிக்கல் மதியத்துக்குள் மேனேஜர் காதுக்கு வந்துவிட்டால், அந்த டீமை நம்பலாம். அதே சிக்கல் மூன்று வாரம் உள்ளேயே புழுங்கி, மென்பொருள் ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி வெடித்தால், அங்கே எவ்வளவு பெரிய திறமைசாலிகள் இருந்தாலும் தலைமை சரியில்லை என்றுதான் சொல்வேன்.

மென்பொருள் துறையில் டீம்களை நடத்தியும் இருக்கிறேன், மற்றவர்கள் நடத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தும் இருக்கிறேன். தலைமை என்றதும் தொலைநோக்கு, உத்வேகம், ஆளுமை என்று பேசுகிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். தொழில்நுட்பம் இந்த வேகத்தில் மாறும் இடத்தில் தலைவருக்கு முதல் வேலை, தன் ஆட்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல வழி செய்வது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முன்பெல்லாம் மேலதிகாரி என்றால் அதே வேலையைப் பல வருடம் செய்து மேலே வந்தவர். எங்கே தப்பு நடக்கும் என்று அவருக்கே தெரியும். யாரும் வாய் திறக்காவிட்டாலும் மோப்பம் பிடித்துவிடுவார். இன்றைக்கு அது நடக்காது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு கோட் (மென்பொருளின் கட்டளை வரிகள்) எழுதுவது, டெஸ்ட் செய்வது, அறிக்கை தயாரிப்பது என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வருகிறது. இதில் மேனேஜருக்கும் பழைய அனுபவம் கிடையாது, நேற்று சேர்ந்தவருக்கும் கிடையாது. எல்லோரும் ஏதோ ஒன்றில் கற்றுக்குட்டிகள்தான். எது உடையப் போகிறது என்பது அந்த வேலையைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். அவர் பேசாமல் இருந்துவிட்டால், மேனேஜரின் நிலைமை கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் சம்பவம் ஒன்று உண்டு. கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைப் போட்டு வைக்கும் தளம். 2017 ஜனவரி 31 அன்று தரவையெல்லாம் சேர்த்து வைத்திருந்த அவர்களுடைய டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. ஒரு பொறியாளர் வேலை நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தார். நகல் டேட்டாபேஸ் இருந்த சர்வரில் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று கட்டளையை ஓட்டினார். ஒன்றிரண்டு நொடியில் அவருக்கே புரிந்துவிட்டது: கட்டளை ஓடிக்கொண்டிருப்பது நகல் இருக்கும் சர்வரில் இல்லை, அசல் இருக்கும் சர்வரில். நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிச்சம் இருந்தது.

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினார்கள். தினமும் ஓட வேண்டிய பேக்கப் ஓடவே இல்லை. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி அதைவிடப் பழைய பதிப்பு. அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போயிருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. யாருக்கும் தெரியவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டேட்டாபேஸின் அந்த நேரத்து நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். சுமார் 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கமெண்ட்டுகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

அதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு முக்கியம். என்ன நடக்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் எழுதிய குறிப்பை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பின்னால் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை, ‘டீம் உறுப்பினர் 1’ என்றுதான் இருக்கிறது. கட்டளையை அடித்தது யார் கை என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பேக்கப் ஓடாதது ஏன் யாருக்கும் தெரியாமல் போனது, பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது யார் பொறுப்பு என்று தோண்டிக்கொண்டே போனார்கள். அந்த ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தால் ஓடாத பேக்கப் ஓடாமலேயே இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் நோக்கியா. 2007-இல் ஐபோன் வந்தது. 2014-இல் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய்விட்டது. நடுவில் உள்ளே என்னதான் நடந்தது என்று டிமோ வூரி, க்வி ஹுய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே இருந்த மேனேஜர்கள், பொறியாளர்கள், வெளியில் இருந்த நிபுணர்கள் என 76 பேரிடம் பேசிப் பார்த்தார்கள். தெரிய வந்தது பயம். மேலே இருந்தவர்களுக்குப் போட்டியாளர்களையும் முதலீட்டாளர்களையும் நினைத்துப் பயம். நடுவில் இருந்த மேனேஜர்களுக்கு மேலே இருந்தவர்களை நினைத்துப் பயம். நோக்கியா கைபேசிகளை இயக்கிய சிம்பியன் மென்பொருளை வைத்துக்கொண்டு ஐபோனோடு மல்லுக்கட்ட முடியாது, கேட்கிற தேதிக்குள் முடியவும் முடியாது என்று கீழே தெரிந்திருந்தது. மேலே போனதோ ‘ஆகட்டும், செய்துவிடலாம்’ என்ற பதில். அந்த நிறுவனத்தில் பொறியியல் அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை. உண்மை மேலே ஏறும் வழியில் பயம் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் காரணம் புரிந்தது: நல்ல குழுக்கள் தவறை மறைக்காமல் சொல்லியிருக்கின்றன. மற்ற குழுக்களில் தவறு நடந்தது, ஆனால் பதிவேட்டுக்கு வரவில்லை. டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும்போது சந்தோஷப்படும் மேனேஜர்களைப் பார்த்தால் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். மாதக்கணக்காக ஒரு டீமிலிருந்து ஒரு சிக்கலும் வரவில்லை என்றால், போய் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் டீம் அதுதான்.

இதை நான் என் டீமிலேயே பார்த்தேன். டெஸ்டிங்கில் நீண்ட அனுபவம் உள்ள ஒரு அக்கா இருந்தார். வயதில் மூத்தவர் என்பதால் டீமில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோட் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்டுகளை ஏஐ கருவியை வைத்து எழுதலாம் என்று முடிவானதில் இருந்து மீட்டிங்கில் அவர் வாயே திறக்கவில்லை. இளசுகள் கடகடவென்று காட்டிக்கொண்டே போவார்கள், இவர் தலையாட்டுவார். தனியாகப் பேசும்போதுதான் சொன்னார்: “எனக்கு இது பிடிபடவே மாட்டேங்குது சார். இத்தனை வருஷம் வேலை பார்த்துட்டு, இதைப் போய் எல்லார் முன்னாடியும் எப்படிக் கேக்கறது?”

வாரத்தில் ஒரு மதியத்தை ஒதுக்கினோம். வேலை நேரத்துக்குள்ளேயே. அந்த நேரத்தில் மீட்டிங் கிடையாது, டெலிவரி பேச்சு கிடையாது. டீமிலேயே சின்னவரான ஒரு பையனோடு அக்கா உட்கார்ந்தார். அவன் கருவியைச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து, கருவி எழுதிய டெஸ்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். வாடிக்கையாளர் ஆர்டரில் பாதியை மட்டும் ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று கணக்கிடும் பகுதி அது. டெஸ்ட் எல்லாமே பாஸ். அக்கா மட்டும் ஒரு டெஸ்ட்டில் நின்றுவிட்டார். மொத்த ஆர்டருக்குக் கொடுத்த தள்ளுபடியைப் பொருட்களுக்குப் பிரித்துக் கழிக்காமல் முழு விலையையும் திருப்பித் தருகிறது கோட். டெஸ்ட்டும் அதுவே சரியான விடை என்கிறது. “இது கோடைப் பார்த்து எழுதின டெஸ்ட். கோடே தப்பா இருந்தா, டெஸ்டும் அந்தத் தப்பைத்தானே சரின்னு சொல்லும்?” என்றார். கருவியை வேகமாக ஓட்டத் தெரிந்த யாருக்கும் அது தோன்றவில்லை. விதி என்ன சொல்கிறது என்பதை வருடக்கணக்கில் மனதில் வைத்திருந்தவருக்குத் தோன்றியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடியாமல் அவர் ஒதுங்கியே இருந்திருந்தால், அவருக்குத் தெரிந்ததும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கற்றுக்கொள்ளும் நேரம் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் காட்டமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இந்தக் காலத்தில் தொடர்ந்து கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்’ என்று மேடையில் பேசிவிட்டு, காலண்டரில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்காத தலைமை, அந்தச் செலவை ஊழியரின் சனி ஞாயிறு மேல் ஏற்றுகிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர், வீட்டில் முடியாத பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், வேலை முடிந்து இரண்டாவது வேலையாக வீட்டைச் சுமப்பவர் எல்லோரும் இந்தப் போட்டியில் பின்தங்குவார்கள். அப்ரைசலில் அதற்கு ‘ஆர்வக் குறைவு’ என்று பெயர் வைப்பார்கள். இது அநியாயம். நிறுவனம் ஒரு கருவியை வாங்கினால், அதைப் பழகும் நேரமும் அந்த விலையில் சேர்ந்ததுதான்.

கருவியை யார் எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று எண்ணிப் பட்டியல் போடுவதும் வீண். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும், வேலை வராது.

அப்புறம், சிக்கலைச் சொல்ல ஒருவர் வரும் அந்த முதல் நிமிடம். தலைவரின் மேடைப் பேச்சை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அந்த நிமிடத்தில் அவர் முகம் எப்படி மாறியது என்பதை மறப்பதும் இல்லை. “யார் பண்ணினது?” என்று தொடங்கினால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள். “இப்போ என்ன நிலைமை? யாருக்குப் பாதிப்பு? உங்களுக்கு யார் உதவி வேணும்?” என்று கேட்டால் வேலை நகரும், ஆளும் நகர்ந்து வருவார். யார், ஏன் என்பதெல்லாம் தீயை அணைத்த பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிச் சொன்னால், ‘செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள், பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்’ என்று ஒரு பதில் வரும். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. கண்டிப்பு வேண்டும். எதற்குக் கண்டிப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெரிந்தே மறைத்தால், அடுத்தவர் தலையில் கட்டினால், ஒரே தப்பை அலட்சியமாகத் திரும்பத் திரும்பச் செய்தால், நான் விட மாட்டேன். ஓடி வந்து சொன்னவரிடம் கடுமை காட்டுவது மட்டும் கூடாது.

சொன்ன பிறகும் நம்பாமல் இருப்பது இன்னொரு கொடுமை. பிரிட்டனில் அஞ்சலகக் கிளைகளை நடத்தியவர்களுக்கு நடந்தது அதுதான். 1999-இல் தொடங்கி, ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கிளைகளுக்கு வந்தது. பணம் குறைகிறது என்று அது காட்டியது. ‘நாங்கள் எடுக்கவில்லை, கணினியில்தான் ஏதோ கோளாறு’ என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்ற பதில்தான் பலருக்கும் கிடைத்தது. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருளில் கோளாறு இருந்தது என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இன்றைக்கு ஏஐ சொல்வதையும் டாஷ்போர்டு காட்டுவதையும் வைத்து ஆட்களை எடைபோடும் ஒவ்வொரு மேனேஜரும் இதைப் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இயந்திரம் ஒன்று சொல்லி, உங்கள் ஆள் வேறொன்று சொன்னால், முதலில் ஆளை உட்கார வைத்துக் கேளுங்கள்.

இதெல்லாம் கீழிருந்து மேலே வரும் செய்தி. மேலிருந்து கீழே போக வேண்டியதும் இருக்கிறது. ‘இந்தக் கருவி வந்தால் என் வேலை போயிடுமா சார்?’ என்ற கேள்வி இப்போது எல்லா டீமிலும் இருக்கிறது, பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதுதான் வித்தியாசம். ‘யாருக்கும் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீங்க’ என்று சொல்வது சுலபம். அந்த உறுதியைக் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலான மேனேஜர்களிடம் கிடையாது, கேட்பவர்களுக்கும் அது தெரியும். நான் மதிக்கும் ஒரு மேனேஜர் செய்வது இதுதான்: எனக்குத் தெரிந்தது இவ்வளவு, இன்னும் முடிவாகாதது இது, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பேசுகிறேன் என்று சொல்வார். வெள்ளிக்கிழமை வரும். புதிதாக எதுவும் முடிவாகியிருக்காது. அப்போதும் டீமைக் கூப்பிட்டு, ‘இன்னும் முடிவாகலை, மேலே இன்னின்ன கேள்வி கேட்டிருக்கேன், பதில் வரலை’ என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பல இடங்களில் ஆள் குறைப்பு வதந்தி வந்தாலே வேலை நின்றுவிடும். அவர் டீமில் வதந்தி வந்தால் நேராக அவரிடமே வந்து கேட்கிறார்கள்.